பகைவன் ஏட்டில் நம்மவர் பெயர்

சென்ற மாதம் புதுவயலிலிருந்து ஒரு பெரியவர் எம் காரியாலயத்திற்கு வந்தார். வயது எழுபத்தைந்துக்கு மேலிருக்கும். கையில் ஒரு தகரப் பெட்டி. செட்டிநாட்டு வீடுகளில் பத்திரங்கள் வைக்கும் கனத்த பெட்டியன்று. பழைய பிஸ்கோத்துத் தகரம். அதனுள் ஒரு கதர்த் துண்டும், அவருடைய தகப்பனார் சர்க்காருக்கு எழுதிய மூன்று விண்ணப்பங்களின் படிகளும், அவற்றுள் ஒன்றுக்கு வந்த பதிலும் இருந்தன. பதில் இரண்டே வரி. சிறைச் சான்று இணைக்கப்படவில்லையாதலால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது என்பது அதன் சாரம்.

தகப்பனாரின் கதை நீண்டதன்று. 1942-ஆம் வருஷத்தில் தேவகோட்டையில் பார வண்டி ஓட்டிப் பிழைத்தவர் அவர். அவ்வருஷம் ஆகஸ்டு 9-ஆம் தேதி காந்தியடிகளும் காங்கிரஸ் காரியக் கமிட்டியாரும் பம்பாயில் கைதானார்கள். செய்தி எட்டியதும் அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில் பொங்கி எழுந்த ஊர்களுள் தேவகோட்டை முன்னின்றது. நீதிமன்றக் கட்டடம் தீக்கிரையாயிற்று. துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, உயிர்கள் போயின. திருவாடானைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த இளந் தொண்டர் ஸ்ரீ சின்ன அண்ணாமலையை, ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டு சென்று, சிறையை உடைத்து வெளியே கொண்டுவந்தார்கள். பின்னாளில் தமிழ்ப் பண்ணை என்ற பிரசுராலயம் நடத்திப் புகழ்பெற்ற அதே சின்ன அண்ணாமலைதான் அவர். வெள்ளையராட்சியின் சிறைக் கதவை ஜனங்களே திறந்துவிட்ட நிகழ்ச்சிகள் நம் தேச சரித்திரத்தில் அதிகமில்லை. அக்கூட்டத்தில் இந்த வண்டிக்காரரும் ஒருவர்.

பின்பு போலீஸ் வேட்டை தொடங்கியது. அவர் இரவோடிரவாக வடக்கே நடந்து, புதுக்கோட்டை சமஸ்தான எல்லைக்குள் புகுந்து, யார் யார் வீட்டு மாட்டுக் கொட்டில்களிலோ ஒன்றரை வருஷம் காலந் தள்ளினார். திரும்பி வந்தபோது வண்டியும் இல்லை, மாடும் இல்லை. புதுவயலில் ஆலைக்கு நெல் மூட்டை சுமந்து பிள்ளைகளை வளர்த்தார். 1986-ல் காலமானார்.

"உங்களுக்கு நாம் செய்யவேண்டியது என்ன?" என்று கேட்டோம். உதவிச் சம்பளத்தின் பொருட்டு வந்திருப்பார் என்பது எம் எண்ணம்.

"காசுக்காக வரவில்லை, ஐயா. மகனுக்கு அது கிடையாது என்று தெரியும். எங்கள் அப்பா பெயர் எங்கேயாவது ஓரிடத்தில் இருக்க வேண்டும்" என்றார் பெரியவர்.

நாம் விடை சொல்ல இயலாமல் இருந்தோம். இன்றும் அந்த விடை எம்மிடம் முழுமையாக இல்லை. ஆயினும் அந்தக் கேள்வி எம்மை விடவில்லையாதலின் இதை எழுதுகிறோம்.

வாசகர்கள் அந்த இரண்டு வரிப் பதிலைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். சர்க்கார் கேட்பது சிறைச் சான்று. கேட்கப்படுபவர் சிறையை உடைத்த கூட்டத்தில் நின்றவர். சிறைக்குள் போனவனுக்குச் சான்று உண்டு. சிறையைத் திறந்துவிட்டவனுக்கு இல்லை. நீதிமன்றம் எரிந்தபோது அதனுள் இருந்த காகிதங்களும் எரிந்தன. அவ்வாறு எரித்தவர்களைப் பார்த்து, அந்தக் காகிதத்தின் படியைக் கொண்டுவா என்று சுதந்திர இந்தியாவின் சர்க்கார் சொல்லிற்று. இதனை எழுதிய குமாஸ்தா கொடியவரல்லர். விதி அவ்விதம் இருந்தது. அவர் விதியை எழுதினார்.

அவ்விதியின் வரலாறு இது. 1947 ஆகஸ்டு 15-ல் தேசம் விடுதலை பெற்றது. போராட்டத்தில் ஈடுபட்டு நலிந்தோர்க்கு மத்திய சர்க்கார் உதவிச் சம்பளத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது 1972 ஆகஸ்டு 15-ல். இடையே கழிந்தவை இருபத்தைந்து வருஷங்கள். அக்காலத்தில் மாகாண சர்க்கார்கள் சிறு உதவிகள் செய்ததுண்டு. சென்னை மாகாணத்தில் தியாகிகளுக்குத் தரிசு நிலம் வழங்கும் ஏற்பாடும் இருந்தது. கிணறும் காளையும் இல்லாதவன் தரிசை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்பதை இராமநாதபுரத்து வெயிலில் நின்றவர்களிடம் நாம் விளக்கவேண்டியதில்லை. 1972-ல் வந்த தொகை மாதம் 200 ரூபாய். அதுவும் வருஷ வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்படாதவர்க்கு மட்டும். 1980-ல் அந்த வருமான எல்லை நீக்கப்பட்டு, திட்டத்திற்கு சம்மானம் என்ற பெயரும் சூட்டப்பட்டது. உதவி என்பது கௌரவம் என்று மாறியது நன்றே. ஆனால் 1930-ல் முப்பது வயதில் உப்புக் காய்ச்சியவனுக்கு 1980-ல் எண்பது வயது. அவர்களுள் எத்தனை பேர் அந்தக் கௌரவத்தைக் கண்ணால் கண்டிருப்பார்கள்?

தகுதி யாதெனில், பொதுவாக ஆறு மாதத்திற்குக் குறையாத சிறைவாசம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, மலைஜாதி வகுப்பினருக்கும் மூன்று மாதம். தலைமறைவாக இருந்தவரும் ஆறு மாதம் அவ்விதம் இருந்திருக்கவேண்டும். அதோடு நில்லாமல், அவரைத் தேடப்படும் குற்றவாளியென்று அன்றைய சர்க்கார் பகிரங்கப்படுத்தியிருக்கவேண்டும், அல்லது அவர் தலைக்கு விலை கூறியிருக்கவேண்டும், அல்லது அவரைக் காவலில் வைக்க உத்தரவு பிறப்பித்திருக்கவேண்டும். சொத்து பறிமுதலானவர், குண்டடி தடியடியால் நிரந்தர ஊனமுற்றவர், பத்துக் கசையடிக்குக் குறையாமல் பெற்றவர் ஆகியோர்க்கும் இடமுண்டு. ஒவ்வொன்றிற்கும் ஆதாரம் வேண்டும். ஆதாரத்தை எழுதிவைத்தவர் எவர்? ஜெயிலர், மாஜிஸ்திரேட், போலீஸ் இன்ஸ்பெக்டர். அஃதாவது, போராடியவனுடைய வீரத்திற்கு அவனை அடித்தவனே சாட்சி. அடித்தவன் எழுத மறந்திருந்தால் அடிபட்டவன் தியாகியல்லன். புதுவயல் வண்டிக்காரர் செய்த பிழை ஒன்றே. அவர் மிகவும் நன்றாக ஒளிந்துகொண்டார். போலீசாருக்கு அவர் பெயரே தெரியாமற் போயிற்று.

சிறைக்குப் போனவர்களின் பாடாவது எளிதாயிருந்ததா என்றால், அதுவும் இல்லை. சட்டமறுப்புக் காலத்திலும் 1942-லும் தமிழ்நாட்டுத் தொண்டர்கள் பலர் அடைக்கப்பட்ட இடம் பல்லாரியை அடுத்த அலிப்புரம் ஜெயில். அக்காலத்தில் பல்லாரி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1953-ல் அது மைசூர் ராஜ்யத்துடன் இணைக்கப்பட்டது. கண்ணனூர் ஜெயில் 1956-ல் கேரளத்திற்குப் போயிற்று. இராஜமகேந்திரபுரம் 1953-லேயே ஆந்திரத்திற்குப் போயிற்று. மொழிவாரி மாகாணம் வேண்டுமென்று போராடியவர்களுள் நாமும் ஒரு வகையினர். அது குறித்து வருத்தமில்லை. ஆனால் எல்லைக் கோடு போட்டவர்கள் ஜெயில் ஏடுகளைப்பற்றி நினைக்கவில்லை. மூட்டை சுமக்கும் ஒருவர், தாம் 1943-ல் இருந்த சிறையின் அத்தாட்சிக்குக் கன்னடமும் ஆங்கிலமும் வழங்கும் ஒரு காரியாலயத்திற்கு எழுதிக் காத்திருக்கவேண்டும். பதில் வராவிட்டால், கூடச் சிறையிருந்தவர்களிடம் சாட்சிப் பத்திரம் வாங்கவேண்டும். அவர்களும் உயிரோடிருக்கவேண்டும், முன்னமே தியாகியென ஏற்கப்பட்டும் இருக்கவேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல். இராமநாதபுரம் ஜில்லாவின் காரியாலயங்கள் நெடுங்காலம் மதுரையில் இருந்தன. 1985-ல் அந்த ஜில்லா மூன்றாகப் பிரிந்தது. புதுவயலும் தேவகோட்டையும் இன்று சிவகங்கையைச் சேர்ந்தவை. திருவாடானை இராமநாதபுரத்தைச் சேர்ந்தது. ஒரே ஆகஸ்டு மாதத்தில் ஒரே ஜனங்கள் செய்த ஒரே காரியத்தின் ஏடுகள் இன்று இரண்டு கலெக்டர்கள் ஆளுகையிலும், மதுரையிலும், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் சிதறிக் கிடக்கின்றன.

பெயரில்லாத வண்டிக்காரர் நிலை இதுவென்றால், பெயர் பெற்றவர் நிலை எவ்விதம் இருந்தது? மேலூர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த ஸ்ரீ கக்கன் 1942-ல் சிறை சென்றவர். பின்பு சென்னை ராஜ்யத்தில் 1967 வரை அமைச்சராயிருந்து, போலீஸ் இலாகாவையும் ஆண்டவர். பதவி போனபின் மதுரை சர்க்கார் ஆஸ்பத்திரியில் சாதாரண நோயாளிகளோடு ஒருவராகக் கிடந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதன்மந்திரி எம்.ஜி.ஆர். அவர் அங்கே இருப்பதை அறிந்து நெஞ்சுருகி உதவிகளுக்கு உத்தரவிட்டார். 1981-ல் கக்கன் மறைந்தார். இக்கதையைச் சொல்லிச் சொல்லி நம்மவர் கண்ணீர் விடுவதுண்டு. எமக்கு அதில் வேறொன்று தோன்றுகிறது. போலீஸ் மந்திரியாக இருந்தவர் கிடந்ததையே தற்செயலாக ஒருவர் வந்துதான் கண்டார். மூட்டை சுமந்தவரைக் காண யார் வந்திருக்கப் போகிறார்கள்?

இனிக் கடல் கடந்தவர்களைப் பார்ப்போம். செட்டிநாட்டுக்குப் பர்மாவும் மலேயாவும் அயல்நாடுகளாக இருந்ததில்லை. கண்டனூரிலும் புதுவயலிலும் நிற்கும் பெரிய வீடுகளின் தேக்கு மரம் எங்கிருந்து வந்ததென்று குழந்தைக்குக்கூடத் தெரியும். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21-ல் சுதந்திர இந்திய சர்க்காரை நிறுவினார். அக்காலத்தில் அங்குள்ள தாங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்கு நகரத்தார் அவரை அழைத்தபோது, எல்லா ஜாதியினரும் மதத்தினரும் உள்ளே வரலாமென்றால்தான் வருவேன் என்று அவர் சொன்னதும், நகரத்தார் அதற்கு இசைந்ததும், முஸ்லிம் அதிகாரிகளும் உடன் வர அவர் உள்ளே சென்றதும் சரித்திரம். தமிழ்நாட்டில் பல கோயில்களின் கதவுகள் ஹரிஜனங்களுக்குத் திறந்து நாளாகாத காலம் அது. அக்கோயிலில் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் எங்கேனும் எழுதப்பட்டிருக்கலாம். ரப்பர்த் தோட்டத்திலிருந்து நேரே வந்து துப்பாக்கி ஏந்திய தமிழ்க் கூலிகளின் பெயர்கள்? ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களின் பெயர்கள்?

யுத்தம் முடிந்தது. பிடிபட்ட வீரர்களை வங்காளத்து ஜிகர்கச்சா, நீலகஞ்ச் முதலிய முகாம்களில் வைத்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறமாக வகுத்தார்கள் ஆங்கிலேயர். கறுப்பு என்றால் நேதாஜியிடம் மாறாத பக்தி உடையவன் என்று பொருள். அவன் சம்பளப் பாக்கியை இழந்து வெளியேற்றப்பட்டான். 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ், ஸேகல், தில்லான் மூவர்மீது விசாரணை நடந்தபோது தேசம் முழுவதும் அதிர்ந்தது. ஸ்ரீ ஜவஹர்லால் நேரு இருபது வருஷங்களுக்கு மேல் கழற்றி வைத்திருந்த பாரிஸ்டர் அங்கியை மீண்டும் அணிந்தார். அந்த வேகத்தில் காங்கிரஸ் தேர்தலில் வென்றது. இரண்டு வருஷத்தில் சுயராஜ்யம் வந்தது. ஆனால் அந்த வீரர்களைச் சுதந்திர இந்தியாவின் சேனை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கொடி உயர்த்திய கடற்படை மாலுமிகளுக்கும் அதே கதி.

நேருவின் சர்க்கார் சொன்ன காரணத்தை நாம் அடியோடு தள்ளவில்லை. ஒரு பிரமாணத்தை விட்டு மறு பிரமாணம் எடுத்தவர்களையும், முதற் பிரமாணத்திலேயே நின்றவர்களையும் ஒரே அணியில் நிறுத்தினால் படைக் கட்டுப்பாடு குலையும் என்று தளபதிகள் அஞ்சினார்கள். காஷ்மீரத்தில் சண்டை மூண்டிருந்த சமயம் அது. அச்சம் நியாயமாகவே இருக்கட்டும். சேனையில் இடமில்லாதவனுக்குத் தேசத்தின் நினைவிலும் இடமில்லாமற் போக வேண்டுமா? அவன் 1972 வரை காத்திருந்தான். அப்பொழுதும், பிரிட்டிஷ் சேனையிலிருந்து போனவனுக்காவது ஒரு ரெஜிமெண்டு எண் உண்டு. தோட்டத்திலிருந்து சேர்ந்தவனுக்கு அதுவும் கிடையாது.

பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து மலேயா சென்ற ஸ்ரீ எஸ். ஏ. கணபதி தேசிய ராணுவத்தில் பயிற்சி ஆசிரியராக இருந்தவர். பின்பு மலேயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தாரென்ற குற்றத்திற்காக ஆங்கிலேயர் அவரைக் கோலாலம்பூர் புடு ஜெயிலில் தூக்கிலிட்டார்கள். தேதி 1949 மே 4. அப்பொழுது இந்தியா சுதந்திரம் அடைந்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகியிருந்தது. நம் சர்க்கார் கருணை கோரியும் பயன்படவில்லை. நம் பள்ளிக்கூடப் புத்தகங்களைப் படித்த பிள்ளைகளிடம் கணபதி யாரென்று கேட்டுப் பாருங்கள்.

எதிர்க்கட்சியும் பேச உரிமையுடையது. "சான்று கேட்காமல் கொடுத்தால் போலிகள் புகுந்துவிட மாட்டார்களா?" என்று கேட்கலாம். புகுந்தார்கள். மஹாராஷ்டிரத்தில் பீட் ஜில்லாவில் போலித் தியாகிகள் நூற்றுக்கணக்கில் சம்பளம் பெற்ற விவகாரம் 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு வரையில் வந்தது. மத்திய சர்க்கார் இதுவரையில் 1,71,000-க்கு மேற்பட்டோர்க்குச் சம்மானம் அளித்திருக்கிறது. அவ்வளவு பெரிய ஜாபிதாவில் களை முளைக்கவில்லையென்றால்தான் வியப்பு. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். போலிக்குச் சான்று தயார்செய்ய நேரமும் ஆளும் உண்டு. உண்மையானவன்தான் வெறுங்கையோடு வருகிறான். கடுமையான விதி போலியைத் தடுக்கவில்லை, வண்டிக்காரரைத் தடுத்தது.

வழக்காடுவது எம் தொழிலாதலால் நீதிமன்றங்கள் கூறியதையும் இங்கே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். முகுந்தலால் பண்டாரி வழக்கில் 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு, கெடு கடந்து வந்த விண்ணப்பம் என்ற ஒரே காரணத்திற்காகத் தியாகியைத் திருப்பியனுப்பலாகாது என்று தீர்ப்பளித்தது. குருதயாள் சிங் வழக்கில் 2001-ல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. கொலை வழக்கில் வேண்டுவது போன்ற ஐயந்திரிபற்ற நிரூபணத்தை ஐம்பது வருஷத்திற்கு முந்திய தேசத் தொண்டுக்குக் கேட்பது தகாது. நடந்திருக்கக்கூடியது எது என்று பார்த்தால் போதும் என்றது. நல்ல தீர்ப்புகள். புதுவயல் வண்டிக்காரர் இறந்து முறையே ஏழும் பதினைந்தும் வருஷங்களுக்குப்பின் வந்தன என்பது நீதிபதிகளின் குற்றமன்று.

பிற நாட்டார் எவ்விதம் செய்தார்கள்? ஐர்லாந்தின் உதாரணம் நம்மவர் கவனத்திற்கு உரியது. 1922-ல் அங்கே சுதந்திர ராஜ்யம் ஏற்பட்டது; 1924-லேயே போர்வீரர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தாருக்கும் 1934-ல் அது திறக்கப்பட்டது. அப்பொழுது அவர்கள் லண்டனுக்கு எழுதி, எங்கள் ஆட்களின் பெயரை உங்கள் ஜெயில் ஏட்டில் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டு நின்றுவிடவில்லை. ஒவ்வொரு பிரதேசத்திலும் பழைய படைப் பிரிவினரையே குழுவாகக் கூட்டி, யார் யார் நம்மோடு இருந்தார்கள் என்று பெயர்ப் பட்டி தயாரிக்கச் செய்தார்கள். ஆங்கும் குறைகள் இருந்தன. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆனாலும் பெயர்கள் எழுதப்பட்டன. அந்த ஏடுகள் இன்று எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டு வருகின்றன.

கென்யாவின் கதை நம்முடையதைவிடக் கசப்பானது. மாவ் மாவ் வீரர்கள் போராடிய நாடு 1963-ல் விடுதலை பெற்றது. அவர்களுடைய இயக்கத்தின்மீது வெள்ளையன் போட்ட தடை 2003 வரையில் நீக்கப்படவே இல்லை. 2013-ல் பிரிட்டிஷ் சர்க்கார் சித்திரவதைக்கு ஆளான 5,228 முதியவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க இசைந்தது. தன் சர்க்கார் நாற்பது வருஷம் மறந்தவர்களைப் பகைவனுடைய கோர்ட்டு நினைவுகூர்ந்தது.

இப்பொழுது புதுவயலுக்குத் திரும்புவோம்.

இந்தச் சீமையைப்போல் கணக்கு எழுதத் தெரிந்த சீமை வேறெங்கே உண்டு? இரங்கூனில் எந்தத் தெருவில் எந்த மார்க்கா அடுத்த மார்க்காவுக்கு எத்தனை ரூபாய் கைமாற்றுக் கொடுத்தது என்பதற்குப் பேரேடு இருக்கிறது. ஐந்தொகை இருக்கிறது. கல்யாணத்துக்கு இசைகுடிமானம் இருக்கிறது. மொய்ப்பண ஏட்டைப் பிரித்தால் பாட்டனார் கல்யாணத்தில் ஒரு ரூபாய் எழுதியவர் பெயரைக் காணலாம். பர்மா சர்க்கார் 1948-ல் நிலங்களைப் பொதுவுடைமையாக்கியபோது இழந்த காணிகளின் பத்திரங்களைக்கூட இன்னும் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. திரும்பி வராது என்று தெரிந்தும் வைத்திருக்கிறார்கள். 1927 செப்டம்பரில் காந்தியடிகள் இந்த ஊர்களில் சுற்றிவந்தபோது அரண்மனைபோன்ற வீடுகளில் அந்நிய நாட்டுச் சாமான்களைக் கண்டு கண்டித்ததும் உண்டு. கதர் நிதிக்குப் பணம் பெற்றுக்கொண்டதும் உண்டு. அப்பணத்துக்கும் எங்கேயோ வரவு இருக்கும். சிராவயலில் அவரை எதிர்கொண்ட ஆசிரமத்து இளைஞர் ஜீவானந்தத்தின் பெயரைத் தமிழ்நாடு அறியும். காந்தியடிகள் வந்த தெருவெல்லாம் தண்ணீர் தெளித்தவர், இரவோடிரவாக நோட்டீசு ஒட்டியவர், 1942-ல் சோறு பொதிந்து கொடுத்து ஓடியவர்களைக் காத்த பெண்பிள்ளை ஆகியோரின் பெயர்களை எந்தப் பேரேட்டில் எழுதினோம்?

சர்க்காரைமட்டும் குறை சொல்லுவது எமக்கு எளிது. பத்திரிகைக்காரர்களுக்கு அது பழக்கம். ஆனால் சர்க்கார் பகைவன் ஏட்டைப் பார்த்ததற்குக் காரணம், பார்க்க நம் ஏடு ஒன்று இல்லாமையே. 1947-ல் ஒவ்வோர் ஊர்க் காங்கிரஸ் கமிட்டியும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஊரில் உயிரோடிருந்தவர்களை அழைத்துக் கேட்டு எழுதியிருந்தால், 1972-ல் அதுவே முதல் ஆதாரம் ஆகியிருக்கும். அப்பொழுது கமிட்டிகளுக்கு வேறு வேலை இருந்தது. தேர்தல் வந்தது. 1970-களில் நம் ராஜ்ய சர்க்கார் தியாகிகளின் பெயர்த் தொகுதிகளை வெளியிட்டது, அம்முயற்சி போற்றத்தக்கது, அதிலும் இடம் பெற்றவர் பெரும்பாலும் சான்று உடையவரே. நாமும் எம் பத்திரிகையின் பழைய தொகுப்புகளைப் புரட்டிப் பார்த்தோம். தலைவர்களின் பிரசங்கங்கள் பத்தி பத்தியாக இருக்கின்றன. தொண்டர்கள் என்ற ஒரே சொல்லில் ஆயிரம் பேரை அடக்கிவிட்டோம். "நேற்றுத் தொண்டர்கள் முப்பது பேர் கைது செய்யப்பட்டனர்." முப்பது பேருக்கும் பெயர் இருந்திருக்குமே என்று அன்று அச்சுக் கோத்தவருக்கோ, எழுதியவருக்கோ தோன்றவில்லை.

இனியேனும் செய்யக்கூடியது என்ன? போராடியவர்களில் இன்று உயிரோடிருப்போர் மிகச் சிலர். அவர்களும் நூறு வயதை எட்டியவர்கள். அவர்களிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளே எழுபதும் எண்பதும் கடந்துவிட்டார்கள். இன்னும் பத்து வருஷம் போனால் கேட்க ஆளில்லை. ஆகவே, தாமதமின்றி ஊர்தோறும் ஒரு ஏடு எழுதப்படவேண்டும் என்கிறோம். புதுவயல் பேரூராட்சி முதலடி எடுத்துவைக்கலாம். கண்டனூரும் புதுவயலும் சேர்ந்து ஒரே ரயில்வே ஸ்டேஷனுக்குப் பெயர் கொடுத்தவை, இதற்கும் சேரலாம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. விடுமுறையில் வீடு வீடாகச் சென்று, பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதிவர மாணவர்களுக்கு ஒரு கோடை போதும். உறுதியானதை உறுதியென்றும், செவிவழி வந்ததைச் செவிவழியென்றும் பிரித்து எழுதவேண்டும். வீட்டுக்கு வீடு தியாகி இருந்ததாக எழுதிவிட்டால் பீட் ஜில்லாக் கதைதான் இங்கும் நடக்கும். அவ்வேட்டை எழும்பூரிலுள்ள போலீஸ், கோர்ட்டு ஏடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சர்க்காரின் வேலை. பல்லாரி, கண்ணனூர், இராஜமகேந்திரபுரம் ஜெயில்களில் எஞ்சியிருக்கும் சென்னை மாகாணக் கைதிகளின் ஏடுகளுக்குப் படியெடுத்து வாங்கிவரச் சென்னை சர்க்காரால்தான் முடியும், தனிமனிதரால் முடியாது. ஒரு மந்திரி மூன்று கடிதங்கள் எழுதினால் தொடங்கக்கூடிய காரியம் இது.

பணம் கொடுப்பதைப்பற்றி நாம் இங்கே பேசவில்லை. விதவையர் சிலரும், மணமாகாத முதிய பெண்மக்கள் சிலரும் இன்னும் உரிமையுள்ளவர்களாக இருக்கக்கூடும். 2001-ஆம் வருஷத் தீர்ப்பைக் காட்டி அவர்களுக்காக வாதாட வக்கீல்கள் கட்டணமின்றி முன்வரவேண்டும். நாமும் வருகிறோம். மற்றவர்களுக்கு வேண்டுவது அந்தப் பெரியவர் கேட்டதுதான்.

பெட்டியை அவர் எம்மிடமே விட்டுச் சென்றிருக்கிறார். விண்ணப்பப் படிகளைப் படித்தோம். முதலாவதில் தகப்பனார் தாம் செய்ததை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். இரண்டாவதில் அரைப் பக்கம். மூன்றாவதில் பெயர், ஊர், வயது. அதன்கீழ், 1942 ஆகஸ்டு திருவாடானையில் இருந்தேன் என்று ஒரே வரி.

புதுவயல், கண்டனூர், சாக்கோட்டை, தேவகோட்டை, திருவாடானைப் பக்கத்து அன்பர்கள் தத்தம் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்க்கவேண்டுகிறோம். விண்ணப்பம், கடிதம், ஜெயிலிலிருந்து வந்த கார்டு, புகைப்படம் எதுவாயினும் எம் காரியாலயத்திற்கு அனுப்பலாம். படி எடுத்துக்கொண்டு பதினைந்து நாட்களுள் பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம். வரும் பெயர்களை, சொன்னவர் யார் என்ற குறிப்போடு, வாரந்தோறும் இதே பக்கத்தில் வெளியிடுவோம். பெரியவர் சம்மதித்தால், வண்டிக்காரரின் மூன்றாம் விண்ணப்பம் அடுத்த ஞாயிறு முதலாவதாக வரும்.